விடுதலைப் பத்திரம்: அசிசியில் ஆறு நாட்கள்

முதல் நாள்

ரோமிலிருந்து அசிசிக்கு வரும் வழியில் ஃபொலீன்யோ நிலையத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. இருபது நிமிடக் காத்திருப்பு, நவம்பர் மாதக் குளிர். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் இது எந்த ஊர் என்பது உறைத்தது. பின்னால் பிரான்சிஸ்கன் துறவற சபையைத் தொடங்கிப் புனிதரான அசிசியின் பிரான்சிஸ், இளைஞனாக இருந்தபோது அப்பாவின் கடையிலிருந்து விலையுயர்ந்த துணிகளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு வந்தது இந்த ஊர்ச் சந்தைக்குத்தான். துணியை விற்றார், குதிரையையும் விற்றார். பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை நடந்தே திரும்பினார். இடிந்து கிடந்த சான் தமியானோ கோயிலைப் பழுதுபார்க்கச் சொல்லி அங்கிருந்த குருவிடம் பணத்தை நீட்டினார். குரு வாங்க மறுத்துவிட்டார். பையனின் குடும்பத்தாருக்குப் பயந்தார். உடனே பிரான்சிஸ் அந்தக் காசை ஜன்னல் திட்டில், ஏதோ மண்ணை வீசுவதுபோல் வீசிவிட்டுப் போனார்.

சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதை. அப்போதெல்லாம் வீசிய கை மட்டும்தான் என் கண்ணில் தெரிந்தது. இன்று அந்த பெஞ்சில் வேறொன்று தோன்றியது. அது அவர் சம்பாதித்த காசு இல்லை. அப்பாவின் துணி, அப்பாவின் குதிரை. அடுத்தவர் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தான் பெரிய தியாகம் செய்ததாக நினைக்கும் வயது அது. அவருடைய துறவு அப்படித்தான் தொடங்கியிருக்கிறது, கொஞ்சம் கோணலாக. எனக்கு இது ஆறுதலாக இருந்தது.

அசிசி ரயில் நிலையம் மலையடிவாரத்தில், சமவெளியில் இருக்கிறது. வெளியே வந்து நிமிர்ந்தால் சுபாசியோ மலைச் சரிவில் இளஞ்சிவப்புக் கல்லால் கட்டிய ஊர். மேற்குக் கோடியில், மலையிலிருந்து துருத்திக்கொண்டு, கோட்டை போன்ற வளைவுகளின் மேல் நிற்பது புனித பிரான்சிஸ் பேராலயம். ஒன்றுமே வேண்டாம் என்றவருக்கு இவ்வளவு பெரிய கட்டடமா? எனக்குள் எழுந்த முதல் எண்ணம் அதுதான். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ரோமில் இறையியல் படிக்கும் சிஸ்டர் ஒருவர் நிலையத்தில் காத்திருந்தார். பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்தவர், நம் தமிழ்ப் பெண். ஆறு நாளும் என்னோடு இருக்கப் போகிறார். வயதில் என்னைவிட இருபது ஆண்டு சின்னவர், "வாங்கக்கா" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

ரோமில் இறங்கியதுமே அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "பாப்பா, செலவுக்கு ஏதாவது போடட்டுமா?" நான் யோசிக்காமல் பதில் போட்டேன். "வேண்டாம் அண்ணா. இருக்கு."

இரண்டாம் நாள்

காலையில் முதலில் 'புதிய கோயில்' என்று அழைக்கப்படும் கியேசா நுவோவா. புதியது என்றாலும் 1615-இல் கட்டத் தொடங்கியது. பிரான்சிசின் வீடு இருந்த இடம் இது என்பது மரபு. உள்ளே ஒரு பக்கத்தில் ஆள் நிமிர முடியாத சிறு அறை. அப்பா மகனைப் பூட்டி வைத்த இடம் என்று காட்டுகிறார்கள். கம்பிக்குப் பின்னால் பிரான்சிசின் மரச்சிலை மண்டியிட்டிருக்கிறது. அப்பா வியாபாரத்துக்கு வெளியூர் போன நேரத்தில் அம்மா பிக்காதான் திறந்துவிட்டார். வெளியே சதுக்கத்தில் பெற்றோர் இருவருக்கும் வெண்கலச் சிலை உண்டு. அம்மாவின் கையில் சங்கிலி.

அங்கிருந்து கீழே இறங்கினால் சாந்தா மரியா மஜ்ஜோரே கோயில். பக்கத்திலேயே ஆயர் இல்லம். 1206-இல் அப்பா பியெத்ரோ தி பெர்னார்தோனே, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆயர் குய்தோவின் முன் மகனைக் கொண்டுவந்து நிறுத்தியது இங்கேதான். மகன் பணத்தை மட்டும் தரவில்லை, உடுத்தியிருந்த துணியையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். இதுவரை பியெத்ரோவை அப்பா என்றேன், இனி விண்ணகத் தந்தையே எனக்குத் தந்தை என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆயர் தம் மேலங்கிக்குள் அவரை மூடிக்கொண்டார். இந்த இடத்தை 2017-இல் 'ஆடை களைந்த திருத்தலம்' என்று அறிவித்திருக்கிறார்கள்.

எனக்குச் சொந்தமான ஒரு கதையை இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த நாட்குறிப்பே பொய்யாகிவிடும். பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால், அப்பா இறந்த பிறகு, குடும்பச் சொத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன். அண்ணன் அப்போது கடனில் இருந்தார். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே முன்வந்து கையெழுத்துப் போட்டேன். அந்தப் பத்திரத்துக்கு நம்மூரில் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. விரலில் மை காய்வதற்குள் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது நினைவிருக்கிறது. நற்செய்தி சொன்னதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் பதினொரு ஆண்டுகளில் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பேசாத ஒவ்வொரு பொங்கலும் கிறிஸ்துமசும் என் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. சொத்தை விட்டேன், அதை விட்டவள் என்ற பட்டயத்தை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சிஸ்டரிடம் சொல்லவில்லை. அவராகவே அந்த இடத்தில் நின்று ஒன்றைச் சொன்னார்.

"அக்கா, எல்லாத்தையும் கழட்டிக் கொடுத்த அடுத்த நிமிஷம் இவருக்கு என்ன நடந்தது பாத்தீங்களா? இன்னொருத்தர் துணிக்குள்ள போய் நிக்க வேண்டியதாயிடுச்சு."

அதற்கப்புறம் ஆயரின் பண்ணையாள் ஒருவருடைய பழைய அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். பிரான்சிஸ் அதை வாங்கி, சுண்ணக்கட்டியால் அதில் சிலுவை வரைந்து உடுத்திக்கொண்டார். துறவின் முதல் உடை, இரவல் உடை.

இதே கோயிலில்தான் கார்லோ அகுதிஸ் இருக்கிறார். வசதியான குடும்பத்துப் பையன். 2006-இல் பதினைந்து வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தவர். 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஜீன்ஸ் பேன்ட், விளையாட்டுக் காலணியோடு படுத்திருக்கிறார். கிட்டத்தட்ட எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பணக்காரப் பையன் துணியைக் கழற்றிய இடத்தில், இன்னொரு பணக்காரப் பையன் தன் அன்றாட உடையோடு. கூட்டம் அதிகம், நின்று செபிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள்

இன்று பேராலயம். காலை எட்டரைக்குப் போனோம், வெளியே வரும்போது மதியம் இரண்டு.

பிரான்சிஸ் இறந்தது 1226 அக்டோபர் 3 மாலை. 1228 ஜூலை 16 அன்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார், மறுநாளே இந்தக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். கட்டும் பொறுப்பு சகோதரர் எலியாவுக்கு. 1230-இல் உடலைக் கொண்டுவந்து பாறைக்குள் ஆழமாக மறைத்து வைத்தார்கள். அதைத் திரும்பக் கண்டுபிடித்தது 1818-இல்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள், அடியில் கல்லறை. மேல்கோயில் சுவர்களில் அவர் வாழ்வைச் சொல்லும் 28 ஓவியங்கள், ஜோத்தோவின் பெயரால் அறியப்படுபவை. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் மேல்கோயிலின் கூரை இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். விழுந்து சிதறிய ஓவியத் துண்டுகளைப் பொறுக்கி, ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆடை களையும் ஓவியத்தின் முன் அதிக நேரம் நின்றேன். பிரான்சிஸ் வானத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். ஆயர் துணியால் அவர் இடுப்பை மறைக்கிறார். எதிர்ப்பக்கம் அப்பா மஞ்சள் உடையில், மகன் கழற்றிய துணி ஒரு கையில் மடிந்து தொங்க, மற்றக் கையை ஓங்குகிறார். பின்னாலிருந்து ஒருவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறார். இந்த அப்பாவை நான் எப்போதும் பேராசைக்காரராகத்தான் பார்த்திருக்கிறேன். இன்று அந்தத் துணிதான் கண்ணில் பட்டது. பிள்ளையின் உடம்புச் சூடு இன்னும் ஆறாத துணி. கையில் துணி இருக்கிறது, பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர் எப்படி வீடு திரும்பியிருப்பார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கீழ்க்கோயிலில் பலிபீடத்துக்கு மேலே, தங்கப் பின்னணியில், நான்கு கூரை ஓவியங்கள். அதில் ஒன்று ஏழ்மையின் திருமணம். மணப்பெண் ஏழ்மை. ஒட்டுப்போட்ட கிழிசல் உடை, மெலிந்த முகம், வெறுங்காலோடு முட்களின் மேல் நிற்கிறாள். கிறிஸ்து அவள் கையைப் பிடித்துக் கொடுக்க, பிரான்சிஸ் மோதிரம் அணிவிக்கிறார். கீழே ஒரு பையன் அவள்மேல் கல்லெறிகிறான், இன்னொருவன் கோலால் குத்துகிறான், ஒரு நாய் அவளைப் பார்த்துக் குரைக்கிறது. அவள் தலைக்குப் பின்னால் மட்டும் முட்செடியில் ரோஜா மலர்ந்திருக்கிறது. அவளால் அந்தப் பூவைப் பார்க்க முடியாது. அவள் கண்ணுக்கு எட்டுவதெல்லாம் கல்லும் நாயும்தான்.

இது எழுதியவர்களின் ஏழ்மை இல்லை, தெருவில் நிற்பவர்களின் ஏழ்மை. நாய் யாரைப் பார்த்துக் குரைக்கும் என்பது ஏழைகளுக்குத் தெரியும். எனக்கு இந்தப் படம் இன்று முழுக்கப் போதும்.

ஆனால் அதைச் சுற்றி இருக்கும் தங்கம்? பகலெல்லாம் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சிஸ்டரிடம் கேட்டேவிட்டேன். அவர் வாதாடவில்லை. "இந்தச் சண்டை அவர் சபைக்குள்ளயே எப்பவோ வந்தாச்சுக்கா" என்றார்.

உண்மைதான். பிரான்சிஸ் தம் இறுதி ஆவணத்தில், ஏழ்மைக்குப் பொருந்தாத கோயிலையோ வீட்டையோ சகோதரர்கள் ஏற்கக் கூடாது என்று எழுதினார். நான்கு ஆண்டுகளில், 1230-இல், அந்த ஆவணம் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று கிரகோரி அறிவித்தார். சபை வளர்ந்தது, வீடுகள் வந்தன, நூலகங்கள் வந்தன. கடுமையான ஏழ்மை வேண்டும் என்றவர்களும் மிதமாக இருக்கலாம் என்றவர்களும் பிரிந்தார்கள். 1318-இல் மார்செய் நகரில், கடுமையான ஏழ்மையை விட்டுக்கொடுக்க மறுத்த நான்கு சகோதரர்களை உயிரோடு எரித்தார்கள். 1323-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், கிறிஸ்துவும் திருத்தூதர்களும் எதையுமே உடைமையாக வைத்திருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வது தப்பறை, அதாவது திருச்சபைக்கு முரணான கொள்கை என்று தீர்ப்பளித்தார். அங்கியின் நீளமும் தானியக் களஞ்சியமும்கூட அந்த வழக்கில் விவாதப் பொருள்கள். எரித்தவர்களை என்னால் மன்னிக்கச் சிரமமாக இருக்கிறது. அதே நேரம், இரு பக்கமும் நாங்களே பிரான்சிசின் உண்மையான பிள்ளைகள் என்று சொன்னார்கள் என்பதும் நெருடுகிறது.

அப்புறம் திருப்பண்ட அறைக்குப் போனோம். அவர் உடுத்திய அங்கி கண்ணாடிக்குள் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. சாம்பல் நிறம் என்பதா, மண் நிறம் என்பதா, சொல்லத் தெரியவில்லை. ஒட்டின்மேல் ஒட்டு. தையல் பெரிது பெரிதாக, தையல் தெரியாதவர் போட்டதுபோல் இருக்கிறது. அதே அறையில் ஒரு தோல் ஏடு. 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் ஒப்புதல் தந்த சபைச் சட்டத்தின் மூலப் பிரதி. மொத்தம் பன்னிரண்டே அதிகாரங்கள்.

"ரெண்டாவது அதிகாரத்துல என்ன இருக்குன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டு சிஸ்டரே சொன்னார். சகோதரர்கள் எல்லோரும் எளிய உடை அணியட்டும், சாக்குத் துண்டு வைத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளட்டும். அந்த வரியை முடித்த கையோடு அடுத்த வரி. மென்மையான, வண்ணத் துணி உடுத்தி, ருசியாக உண்டு குடிப்பவர்களைக் கண்டால் அவர்களை இகழவும் கூடாது, தீர்ப்பிடவும் கூடாது. ஒவ்வொருவரும் தன்னையே தீர்ப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஒட்டுப்போட்ட அங்கிக்கும் அந்த ஏட்டுக்கும் நடுவில் நின்றேன். ஏழை உடை போட்ட நாளிலேயே அந்த உடைக்குள் என்ன புகுந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒட்டுப்போட்டவன் கண் முதலில் போவது அடுத்தவன் பட்டுத் துணிமேல்தான். காலையிலிருந்து என் கண் தங்கத்தின்மேல் போனதுபோல.

கீழே கல்லறையில் கொஞ்ச நேரம். இரும்புக் கம்பிக்குப் பின்னால் கல் பெட்டி. சுற்றிலும் நான்கு தோழர்கள். அவர்களுக்கு எதிரே, படிக்கட்டுப் பக்கம், ஒரு பெண்ணின் எலும்புகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஜாக்கொபா என்ற ரோமைப் பணக்கார விதவை. "இவங்களைப் பத்தி கடைசி நாள் பேசலாம்" என்றார் சிஸ்டர்.

நான்காம் நாள்

மழை. குடையோடு சான் தமியானோவுக்கு இறங்கினோம். ஊர் மதிலுக்கு வெளியே, ஒலிவ மரங்களுக்கு நடுவே, பாதை சரிவாகப் போகிறது. "போய் என் வீட்டைச் சரிசெய்" என்று பிரான்சிசிடம் பேசிய சிலுவைப்படம் இங்கே இருப்பது நகல். மூலம் மேலே புனித கிளாரா பேராலயத்தில் இருக்கிறது.

எனக்கு சான் தமியானோ பிரான்சிசின் இடமாகத் தெரியவில்லை, கிளாராவின் இடமாகத்தான் தெரிந்தது. அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதைவிட்டு வெளியே போகவில்லை. பிரான்சிசைப் பின்பற்றிய பிரபுக் குடும்பத்துப் பெண். குருத்து ஞாயிறு இரவில் வீட்டைவிட்டு வெளியேறி, சமவெளியில் இருந்த சிற்றாலயத்தில் தலைமுடி களைந்து துறவு பூண்டவர்.

உணவறை அப்படியே இருக்கிறது. தாழ்ந்த கூரை, கறுத்த மர மேசைகள், சுவரோடு சேர்ந்த பெஞ்சு. கிளாரா உட்கார்ந்த இடத்தில் பூ வைத்திருக்கிறார்கள். மேசையின் விளிம்பு பல இடங்களில் தேய்ந்து வழவழத்துக் கிடக்கிறது. அந்தத் தேய்மானத்தைத் தொட ஆசையாக இருந்தது, தொடக் கூடாது.

அந்தக் காலத்தில் அரசர்களும் மடங்களும் திருத்தந்தையிடம் சலுகை கேட்டுப் போவார்கள். வரிவிலக்கு, நிலம், உரிமை. கிளாரா ஒரு சலுகை கேட்டார். சொத்தை ஏற்கும்படி யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சலுகை. 1228 செப்டம்பரில் கிரகோரி அதை எழுத்தில் தந்தார். அதற்கு முன், வார்த்தைப்பாடுதான் தடை என்றால் அதிலிருந்து உன்னை விடுவிக்கிறேன் என்று அதே திருத்தந்தை சொல்லிப் பார்த்திருக்கிறார். பாவங்களிலிருந்து விடுவியுங்கள், கிறிஸ்துவைப் பின்பற்றுவதிலிருந்து விடுவிக்க வேண்டாம் என்பது கிளாராவின் பதில். அவர் எழுதிய சபைச் சட்டத்துக்கு நான்காம் இன்னொசென்ட் ஒப்புதல் தந்தது 1253 ஆகஸ்ட் 9. ஆகஸ்ட் 11 அன்று கிளாரா இறந்தார். துறவியருக்காக ஒரு பெண்ணே எழுதித் திருச்சபை ஏற்ற முதல் சட்டம் அது. இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே விஷயத்துக்காகக் குரலை உயர்த்தாமல் நின்ற பெண்மணி.

இவ்வளவு உறுதியாக நின்றவருக்குத் தாழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்காக நடந்த விசாரணையில் அவரோடு வாழ்ந்த சகோதரிகள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றைச் சிஸ்டர் சொன்னார். வெளியே போய்ப் பிச்சை எடுத்துத் திரும்பும் சகோதரிகளின் கால்களைக் கிளாரா கழுவுவாராம். ஒருநாள் கழுவி முடித்து முத்தமிடக் குனிந்தபோது, அந்தச் சகோதரிக்குக் கூச்சமாகி, வெடுக்கென்று காலை இழுத்தாள். கால் கிளாராவின் வாயில் பட்டுவிட்டது. கிளாரா அந்தக் காலைத் திரும்ப மெதுவாக எடுத்து, உள்ளங்காலில் முத்தமிட்டாராம்.

திருத்தந்தைக்கு முன்னால் வளையாதவர், சேறு படிந்த காலுக்கு முன்னால் வளைந்திருக்கிறார். மேலே இருப்பவரிடம் பணிவதை நாம் தாழ்ச்சி என்று பழகிவிட்டோம். அது பெரும்பாலும் பயம்தான். இங்கே திசை வேறாக இருக்கிறது.

காலை இழுத்த அந்தச் சகோதரியைப் பற்றியும் யோசிக்கிறேன். நானாக இருந்தாலும் இழுத்திருப்பேன். கழுவுவதைவிடக் கழுவக் கொடுப்பது கடினம். பேதுருவும் கடைசி இரவில் இயேசுவிடம் அதைத்தானே சொன்னார், நீர் என் காலைக் கழுவவே விடமாட்டேன் என்று.

மாலையில் கிளாரா பேராலயத்தில் மூலச் சிலுவையின் முன் ஒரு மணி நேரம். எழுத எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள்

எரேமோ தெல்லே கார்ச்சேரி. ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். நடந்தே போனோம், முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. மூடுபனியில் ஊரே தெரியவில்லை. ஓக் மரக் காடு, பாறைக் குகைகள். பிரான்சிஸ் படுத்த கல் படுக்கைக்குப் போகும் வாசலில் உடம்பை மடக்கித்தான் நுழைய முடிகிறது. என் தோள்பை மாட்டிக்கொண்டது, கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைந்தேன்.

பாறையில் உட்கார்ந்து சிஸ்டர் ஒரு பழைய கதை சொன்னார். ஓர் இளம் சகோதரர் தமக்கென்று ஒரு திருப்பாடல் புத்தகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கையால் எழுதிய புத்தகங்கள் அன்று பெரும் சொத்து. பிரான்சிஸ் சொன்னார்: இந்தப் புத்தகம் கிடைத்தால் அடுத்துப் பெரிய செபப் புத்தகம் கேட்பாய். அதுவும் கிடைத்தால் பெரிய ஆயர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தம்பியிடம் "என் புத்தகத்தை எடுத்து வா" என்பாய். சொல்லிவிட்டு அடுப்புச் சாம்பலை எடுத்துத் தம் தலையில் தேய்த்துக்கொண்டார்.

இதுவரை எனக்குத் தெரிந்த கதை. மீதிப் பாதி தெரியாது. மாதங்கள் கழித்து அந்தச் சகோதரர் மறுபடியும் கேட்டபோது, சரி, உன் தலைவர் சொல்கிறபடி செய் என்று பிரான்சிஸ் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கொஞ்ச தூரம் போனதும் மனம் உறுத்தியது. பின்னாலேயே ஓடி, முன்பு பேசிய அதே இடத்துக்கு அவரைத் திரும்ப அழைத்துப் போய், அவர் முன் மண்டியிட்டு, என் பிழை, என் பிழை என்றார். அங்கியும் இடைக்கயிறும் உள்ளாடையும் தவிர வேறெதுவும் நமக்கு வேண்டாம் என்ற தம் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. சலித்துப்போய் ஒப்புக்குத் தலையாட்டியதற்காகத்தான் மன்னிப்புக் கேட்டார்.

இறங்கும் வழியில் சிஸ்டரிடம் அண்ணன் கதையைச் சொன்னேன், பத்திரத்தின் பெயரோடு. அவர் பதிலே சொல்லவில்லை. வெகு தூரம் வந்த பிறகு, "அண்ணனுக்கு அது எவ்வளவு பாரமா இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

பதினொரு ஆண்டில் நான் ஒருமுறைகூட அப்படி நினைத்ததில்லை. தங்கையின் பங்கில் கடனை அடைத்த ஆண், ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்தத் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நன்றி சொன்னால் கடன் தீர்ந்துவிடுமா? சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்ல முடியாததால். அன்றிலிருந்து அவர் எத்தனையோ முறை ஏதாவது தர முயன்றிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஃபீஸ், எனக்கு ஒரு ஃப்ரிட்ஜ், இந்தப் பயணத்துக்குச் செலவு. ஒவ்வொன்றையும் "வேண்டாம் அண்ணா, இருக்கு" என்று தள்ளியிருக்கிறேன். அதைப் பற்றின்மை என்று நினைத்திருந்தேன்.

இரவு தூக்கம் வரவில்லை.

ஆறாம் நாள்

கடைசி நாள். சமவெளியில் இருக்கும் சாந்தா மரியா தெல்லி அஞ்சலி பேராலயம். 1569-இல் தொடங்கி 1679-இல் முடித்த பெரிய கோயில். அதன் குவிமாடத்துக்கு நேர் கீழே, கோயிலுக்குள் ஒரு குட்டிக் கோயில், போர்சியுங்குலா. நீளம் ஏழு மீட்டர், அகலம் நான்கு மீட்டர் இருக்கலாம். வாசற்படியில் 'இந்த இடம் புனிதமானது' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. உள்ளே பூச்சில்லாத கல் சுவர், ஆள் உயரம்வரை கைபட்டுக் கைபட்டுப் பளபளக்கிறது.

இது பிரான்சிசுக்குச் சொந்தமானது இல்லை. சுபாசியோ மலைப் பெனதிக்து சபைத் துறவிகளுடைய இடம். அவர்கள் சும்மாவே கொடுக்க முன்வந்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை. ஆண்டுதோறும் ஒரு கூடை மீன் வாடகையாகக் கொடுத்தார். தமக்கு இது சொந்தமில்லை என்பது தமக்கே மறந்துவிடக் கூடாது என்பதற்காக. துறவிகள் பதிலுக்கு ஒரு ஜாடி எண்ணெய் அனுப்புவார்களாம். மீன் போகிறது, எண்ணெய் வருகிறது. ஒருவரிடம் ஒருவர் கடன்பட்டிருப்பதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

சில அடி தள்ளி அவர் இறந்த சிற்றறை. நேற்றிரவு தூங்காத கண்ணோடு அங்கே நின்றேன். சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

சாகும் நேரத்தில் தம்மை வெறும் தரையில், ஆடையில்லாமல் கிடத்தச் சொன்னார் பிரான்சிஸ். ஆயர் முன் நின்ற அந்த இளைஞனைப் போலவே. அப்போது பொறுப்பிலிருந்த சகோதரர் ஓர் அங்கியையும் தொப்பியையும் எடுத்து வந்து சொன்னார்: இதை உமக்கு இரவலாகத் தருகிறேன், கீழ்ப்படிந்து வாங்கிக்கொள்ளும். இது உமக்குச் சொந்தமில்லை, ஆகவே யாருக்கும் தூக்கிக் கொடுக்கும் உரிமையும் உமக்கு இல்லை. பிரான்சிஸ் மகிழ்ந்துபோனார். வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தவரிடமிருந்து, கொடுக்கும் உரிமையையும் வாங்கிக்கொண்டார்கள். அவர் கையில் மிஞ்சியிருந்த கடைசிச் சொத்து அதுதான்.

அந்த நாட்களில்தான் ஜாக்கொபா அம்மையாருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். ரோமையின் பெரிய வீட்டுப் பெண்மணி, சொத்தை விற்றுவிட்டு வரச் சொல்லி அவரிடம் பிரான்சிஸ் கேட்டதாக எங்கும் இல்லை. கடிதத்தில் என்ன கேட்டார்? உடலைச் சுற்றச் சாம்பல் நிறத் துணி, அடக்கத்துக்கு மெழுகு, அப்புறம் ரோமையில் நான் நோயாக இருந்தபோது செய்து தருவீர்களே, அந்தப் பாதாம் பலகாரம். கடிதம் புறப்படுவதற்குள் அம்மையாரே வாசலில் வந்து நின்றார். கையில் கேட்ட அத்தனையும். பெண்கள் உள்ளே வரக் கூடாது என்பது விதி, என்ன செய்வது என்று சகோதரர்கள் தயங்கினார்கள். அந்த விதி "சகோதரர் ஜாக்கொபா"வுக்கு இல்லை என்று பிரான்சிஸ் உள்ளே அழைத்தார். நோயில் அவரால் ஒரு வாய்க்குமேல் சாப்பிட முடியவில்லை.

ஏழ்மையையே மணந்தவர், சாகும்போது ஒரு பணக்காரியிடம் பலகாரம் கேட்டு வாங்கியிருக்கிறார். வெட்கப்படவில்லை. இருக்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிற்றறைக் கதவின் அருகே நாற்காலி கிடந்தது, உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வெளியே வந்து, கோயில் படியில் வெயிலில் நின்றபடி அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.

"அண்ணா, அன்னைக்குச் செலவுக்குப் போடட்டுமான்னு கேட்டீங்களே. போடுங்க."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "எவ்வளவு பாப்பா?" என்று வந்தது.

தொகை எதுவும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "நீங்களே பாத்துப் போடுங்கண்ணா" என்று எழுதினேன்.